விருந்தின் மூன்று நாட்களில் வீட்டுக்காரியின் பங்கு



நம் நாட்டில் மாதம் தவறாமல் ஒரு போயா தினம் வருகிறது. அது வெள்ளியிலோ திங்களிலோ அமைந்துவிட்டால் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை கிடைத்துவிடும். கண்டி, மாவனல்லைப் பக்கத்தவர்கள் கொழும்புக்குப் புறப்படுவார்கள். கல்முனை, காத்தான்குடியில் உள்ளவர்கள் இரவு பஸ்ஸில் இடம் பிடிப்பார்கள். கூடப் படித்த கூட்டாளிமார், முன்பு அயல்வீட்டில் இருந்தவர்கள், சம்பந்திமார் எல்லோரும் தெமட்டகொடையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு வீட்டில் ஒன்றுசேர்வார்கள். பிள்ளைகளுக்குக் கடலைப் பார்க்க ஆசை. பெரியவர்களுக்குப் புறக்கோட்டையில் சாமான் வாங்கும் வேலை. வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவதில் எல்லோருக்கும் விருப்பம்.

இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. உறவினரையும் நண்பரையும் தேடிச் செல்வது நம் மார்க்கம் ஊக்குவிக்கும் நற்செயல். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். அந்த மூன்று நாளும் அந்த வீட்டுக்காரி எங்கே இருந்தாள்?

ஆண்கள் விறாந்தையில் கதிரை போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மாடிப்படியில் ஓடித் திரிந்தார்கள். வந்த பெண்களும் சற்றுநேரம் ஓய்வாக இருந்தார்கள். வீட்டுக்காரி மட்டும் ஸுப்ஹுக்கு முன் குசினிக்குள் நுழைந்தவள் இஷாவுக்குப் பின்பே வெளியே வந்தாள். காலையில் இடியாப்பம், பகலில் புரியாணி, அஸருக்குப் பின் தேநீரும் பொரித்த பலகாரமும், இரவில் மறுபடியும் இறைச்சிக் கறி. விருந்தாளிகள் "நல்ல சந்தோஷம்" என்று சொல்லி விடைபெறும்போது அவளும் சிரித்துக்கொண்டுதான் வழியனுப்புகிறாள். கதவைச் சாத்திய பின்னரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள்.

அடுத்த போயாவுக்குத் தொலைபேசி மணி அடிக்கிறது. "பிள்ளைக்குச் சுகமில்லை", "வீட்டில் மேசன் வேலை நடக்கிறது" என்று ஏதாவது ஒரு சாக்குச் சொல்லப்படுகிறது. இப்படித்தான் நல்ல நட்புகள் ஓசையில்லாமல் அறுந்து போகின்றன. மனதில் பகை இல்லை. ஆனால் ஒருத்தியின் முதுகில் ஏற்றிய சுமை, இரண்டு குடும்பங்களுக்கிடையில் சுவராக எழுந்துவிட்டது.

அந்தச் சுமையை எப்படி இறக்குவது என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

விருந்துக்கும் எல்லை உண்டு

அபூ ஷுரைஹ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. அதன் கருத்தைச் சற்றுக் கவனியுங்கள். அல்லாஹ்வையும் மறுமையையும் ஈமான் கொண்டவர் தமது விருந்தாளியைக் கண்ணியப்படுத்த வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் விசேட உபசாரம். விருந்து மூன்று நாட்கள். அதற்கு மேல் கொடுப்பது தர்மமாகும்.

இந்த அளவில் நாம் நிறுத்திவிடுகிறோம். மேடைகளிலும் இதுவரைதான் சொல்லப்படுகிறது. ஆனால் அதே ஹதீஸில் விருந்தாளிக்கும் ஒரு கட்டளை இருக்கிறது. வீட்டாரை இக்கட்டில் தள்ளும் அளவுக்கு அவர் தங்கியிருப்பது ஆகுமானதல்ல என்பதே அது. வீட்டார் என்றால் வீட்டுத் தலைவர் மட்டுமா? அடுப்படியில் நிற்பவள் வீட்டாரில் சேரமாட்டாளா?

இன்னொன்றையும் கவனியுங்கள். விசேட உபசாரம் ஒரு பகலும் ஓர் இரவும்தான். மற்ற இரண்டு நாட்களிலும் வீட்டில் வழக்கமாகச் சமைப்பதையே பகிர்ந்தால் போதுமானது என்று உலமாக்கள் விளக்கம் தந்துள்ளார்கள். மூன்று நாளும் மூன்று வேளையும் மேசை நிறைய வேண்டும் என்பது மார்க்கம் வகுத்ததல்ல. நாமாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது.

இந்த வழக்கத்துக்கு இன்று விலையும் கூடிவிட்டது. 2019 ஏப்ரல் 21 இன் துயரத்துக்குப் பின்னர் நம் பெண்கள் பலர் வெளியில் போகவே தயங்கினார்கள். அதன்பின் கொரோனா வந்து வீடுகளை மூடியது. 2022 இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களில் ஒரு கோப்பைத் தேநீர் கொடுப்பதற்கே யோசித்த குடும்பங்கள் உண்டு. இவ்வளவுக்குப் பிறகு இப்போதுதான் வீட்டுக் கதவுகள் மீண்டும் திறக்கின்றன. பழைய ஆடம்பரத்தையும் கூடவே உள்ளே அழைத்தால் அவை மறுபடியும் மூடிக்கொள்ளும்.

குசினியைப் பங்கு போடுங்கள்

போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே இறைச்சியை முந்திய நாளே வாங்கிச் சுத்தம் செய்து வைப்பது வழக்கம். அந்தக் கையோடு இன்னும் சில வேலைகளையும் முற்படுத்திவிடலாம்.

வட்டிலாப்பத்தை முதல் நாள் இரவே அவித்து வைத்துவிடலாம். முட்டை, கித்துள் கருப்பட்டி, கட்டித் தேங்காய்ப்பால், ஏலம், சிறிது சாதிக்காய் ஆகியவை சேர்ந்த அந்தப் பண்டம் ஆறி இறுகிய பின்பே உண்மையான ருசியைத் தரும். மலாய் அச்சாறும் அப்படித்தான். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பேரீச்சம்பழம், வினாகிரி சேர்த்துச் சில நாட்களுக்கு முன்பே போட்டு வைத்தால் நன்றாக ஊறிவிடும். விருந்து நாளன்று சோறும் ஒரு கறியும் மட்டுமே அடுப்பில் இருக்கும்.

அடுத்தது சஹன். நம் முன்னோர் ஒரு தாலத்தைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து சாப்பிட்டதில் பரக்கத் மட்டுமல்ல, வேலைக் குறைவும் இருந்தது. பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பீங்கான், அதற்குமேல் கறிக் கிண்ணங்கள், கரண்டிகள் என்று கழுவுவதற்குப் பதிலாக இரண்டு தாலங்களைக் கழுவினால் முடிந்தது. இருவரின் உணவு மூவருக்குப் போதும், மூவரின் உணவு நால்வருக்குப் போதும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதும் இப்படிச் சேர்ந்துண்பதற்குத்தான் அதிகம் பொருந்தும். ஆண்களுக்கு ஒரு பக்கமும் பெண்களுக்கு ஒரு பக்கமும் சஹன் வையுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. பெண்களின் முதல் சஹனில் வீட்டுக்காரி உட்கார வேண்டும். எல்லோரும் எழுந்த பின் ஆறிப்போன சோற்றைத் தனியே சாப்பிடுபவளாக அவள் இருக்கக் கூடாது.

அகழ்ப் போர் வேளையில் ஜாபிர் (ரழி) அவர்களின் வீட்டில் நடந்த விருந்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு சிறிய ஆடும் ஒரு ஸாஉ வாற்கோதுமையும்தான் இருந்தன. நபியவர்களையும் இன்னும் சிலரையும் மட்டும் அழைக்கச் சென்றார் ஜாபிர். நபியவர்களோ அகழ் தோண்டிக்கொண்டிருந்த எல்லோரையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண்ணின் நெஞ்சு எப்படிப் பதறியிருக்கும்! அல்லாஹ்வின் அருளால் அத்தனை பேரும் வயிறாரச் சாப்பிட்டும் உணவு மிஞ்சியது. இறுதியில் நபியவர்கள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, அவரையும் சாப்பிடும்படியும் மற்றவர்களுக்கும் கொடுத்தனுப்பும்படியும் சொன்னார்கள். அற்புதத்தைப் பேசும் நாம் இந்தக் கடைசிச் செய்தியை விட்டுவிடுகிறோம். சமைத்தவள் சாப்பிட்டாளா என்று நபியவர்கள் பார்த்தார்கள். நாம் பார்க்கிறோமா?

விருந்தாளியாகப் போகும் சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வெறுங்கையோடு போகாதீர்கள். விலையுயர்ந்த பொருள் தேவையில்லை. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் ஒரு சட்டி எருமைத் தயிர், கல்பிட்டிக்காரர் நல்ல கருவாடு, மாத்தளைக்காரர் வீட்டு முற்றத்து ஏலமும் கராம்பும் என்று கொண்டுபோனால் அந்த வீட்டின் செலவும் குறையும். உங்கள் ஊரின் வாசமும் அங்கே போய்ச் சேரும். ஒருவேளைச் சமையலை நீங்களே பொறுப்பெடுங்கள். "நீங்கள் இருங்கள் ராத்தா, இன்று இரவு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற ஒரு வார்த்தை, எந்தப் பலகாரப் பெட்டியையும் விட அவளைச் சந்தோஷப்படுத்தும்.

ஆண்களுக்கு மார்க்கத்தில் விதிவிலக்கு இருப்பதாக நினைக்க வேண்டாம். வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று பதில் கூறினார்கள். தேங்காய் துருவுவதும் தாலம் கழுவுவதும் ஒருவரின் கண்ணியத்தைக் குறைப்பவையாக இருந்திருந்தால் இந்தச் செய்தி நமக்கு வந்து சேர்ந்திருக்காது.

போயா தினம் பூரணை நாள் என்பதால் அது பெரும்பாலும் பிறை பதினான்கு, பதினைந்தை ஒட்டியே வரும். அய்யாமுல் பீழ் எனப்படும் ஸுன்னத்தான நோன்பு நாட்கள் பிறை 13, 14, 15 அல்லவா? நீண்ட பயணமில்லாத நாளில், இயன்றவர்கள் ஒருநாள் நோன்பு நோற்றால் காலைச் சமையலும் பகல் சமையலும் பாதியாகக் குறையும். மாலையில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் போதும். விருந்தும் ஆயிற்று, இபாதத்தும் ஆயிற்று.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

கொழும்புக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் கடையையும் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மூன்று நாளில் அரை நாளையாவது கண்ணுக்கும் அறிவுக்கும் ஒதுக்குங்கள். வீட்டுக்காரியையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தும் நூதனசாலையின் படியை மிதிக்காத பெண்கள் நம்மில் எத்தனையோ பேர்.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவிலிருந்து தொடங்கலாம். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டாற்போல நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் 1908 இல் கட்டத் தொடங்கப்பட்டு 1909 இல் நிறைவு பெற்றது. சம்மாங்கோட் பள்ளி என்று பழையவர்கள் சொல்வார்கள். அதை வடிவமைத்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை கட்டடக் கலையைக் கல்லூரியில் கற்றுப் பட்டம் பெற்றவரல்லர். தென்னிந்திய வணிகர்கள் தந்த கட்டடப் படங்களைப் பார்த்தே அந்தக் குவிமாடங்களையும் மினாராக்களையும் அமைத்தார். குவிமாடங்களை உற்றுப் பாருங்கள், மாதுளம்பழம் போல இருக்கும். பக்கத்துக் கடையில் துணி வாங்கிக்கொண்டே நூறு தடவை அதைக் கடந்து போயிருப்போம். ஒருமுறையாவது நின்று தலை நிமிர்ந்து பார்த்தோமா?

அடுத்து கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய நூதனசாலை. தேசாதிபதி வில்லியம் கிரகரியின் முயற்சியால் 1877 ஜனவரி 1 ஆம் திகதி அது திறக்கப்பட்டது. வரைபடம் ஜேம்ஸ் ஸ்மிதருடையது. ஆனால் அந்த வெள்ளை மாளிகையைக் கட்டி எழுப்பியவர் நம்மவரான வாப்பிச்சி மரிக்கார். வேலை முடிந்ததும் "என்ன வேண்டும்?" என்று தேசாதிபதி கேட்டாராம். பணமோ பட்டமோ கேட்காமல், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைக்க வேண்டும் என்று கேட்டாராம் அந்த மனிதர். அந்தக் கோரிக்கை நெடுங்காலம் மதிக்கப்பட்டு வந்ததாக நம் சமூகத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்தச் சுவரைத் தொட்டுக் காட்டி உங்கள் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். ஓர் ஏட்டுப் பாடம் தராத தன்மானத்தை அது தரும். விடுமுறை நாட்களில் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனால் ஒரு கல்வெட்டைத் தவறவிடாதீர்கள். 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த அந்தக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ள ஆண்டு 1409. செங் ஹோ யுன்னான் பகுதியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கல்லின் சீனப் பகுதி புத்தருக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரைக் கோயிலின் தேனவரை நாயனாருக்கு அளித்தவற்றைச் சொல்கிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயராலும் இஸ்லாத்தின் பெயராலும் அளித்தவற்றைச் சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைகள் ஏறத்தாழ ஒரே அளவானவை. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவின் கரைக்கு வந்த ஒருவர், இங்கே வாழ்ந்த மக்களை ஒரே கல்லில் சமமாக மதித்திருக்கிறார். நம் வணிகர் பேசிய தமிழும், அவர்கள் படித்த எழுத்தும் அந்தக் கல்லில் இருக்கின்றன. "நீங்கள் எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?" என்று யாராவது உங்கள் பிள்ளையைக் கேட்டால், அவனுக்குக் கோபம் வரத் தேவையில்லை. அந்தக் கல்லை அவன் பார்த்திருந்தால் போதும்.

நூதனசாலையில் சிலைகளும் இருக்கின்றனவே, போகலாமா என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. பூமியில் பிரயாணம் செய்து முன்சென்றோரின் முடிவைப் பார்க்குமாறு குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. படிப்பினைக்காகப் பார்ப்பது வேறு, வணங்குவது வேறு. அயலவர் கண்ணியப்படுத்தும் பொருட்களுக்கு முன்னால் ஏளனச் சிரிப்போ, கேலிப் பேச்சோ, முதுகு காட்டி நின்று படம் எடுப்பதோ கூடாது. பிறர் வணங்குபவற்றைத் திட்ட வேண்டாம் என்பதும் குர்ஆனின் கட்டளைதான்.

சித்திரச் சந்தை

நூதனசாலைக்கு அருகிலேயே ஆனந்த குமாரசுவாமி மாவத்தை இருக்கிறது. 'கிரீன் பாத்' என்றால் முச்சக்கர வண்டிக்காரருக்கும் தெரியும். 1993 ஆம் ஆண்டு ஜோர்ஜ் கீற் மன்றம் தொடங்கிய 'கலா பொல' என்னும் சித்திரச் சந்தை இந்த வீதியோரத்தில்தான் நடக்கிறது. பொதுவாக ஆண்டின் முதல் மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபெறும். பொல என்றால் சந்தை. மரக்கறிச் சந்தையில் மரக்கறியைப் பரப்பி வைப்பது போலவே, நாட்டின் பல பாகங்களிலிருந்து வரும் ஓவியர்கள் தங்கள் படைப்புகளைப் பரப்பி வைப்பார்கள். நுழைவாயிலில் யாரும் உங்கள் உடையைப் பார்த்து அளவெடுக்க மாட்டார்கள். மரநிழலில் நடந்துகொண்டே பார்க்கலாம். பிடித்தால் ஓவியரிடமே கதைத்து வாங்கலாம்.

உயிருள்ளவற்றின் உருவங்களை வீட்டுச் சுவரில் தொங்கவிடுவதை நாம் தவிர்த்துக்கொள்கிறோம். ஆனால் கலை என்றாலே உருவம்தான் என்று யார் சொன்னது? மலை, கடல், மழை பெய்யும் தெரு, தென்னந்தோப்பு, பழக்கூடை, அரபு எழுத்தணி என்று வேண்டிய அளவு இருக்கின்றன. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்ற கருத்துடைய ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆயிஷா (ரழி) அவர்கள் உருவங்கள் உள்ள ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். நபியவர்கள் அதை விரும்பவில்லை. உடனே அதை வெட்டித் தலையணை உறை தைத்துவிட்டார்கள் அந்த அன்னை. துணியும் வீணாகவில்லை, வீடும் அழகிழக்கவில்லை. கையில் கலை உள்ள ஒரு பெண்ணின் செயல் அது.

அந்த வீதிக்குப் பெயர் தந்த ஆனந்த குமாரசுவாமி கொழும்பில் 1877 இல், நூதனசாலை திறக்கப்பட்ட அதே ஆண்டில், பிறந்தவர். நம் நாட்டுக் கைவினைஞர்களைப் பற்றி 1908 இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அன்றாடம் பயன்படும் பொருளைத் திருத்தமாகச் செய்வதும் கலையே என்பது அவர் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய கருத்து. அப்படிப் பார்த்தால் நம் வீடுகளில் எத்தனை கலைஞர்கள்! கிழக்கில் பன்னுக்குச் சாயம் காய்ச்சிப் பாய் இழைக்கும் உம்மாமார், மருதமுனைத் தறிகளில் சாரனும் சாரியும் நெய்யும் கைகள், தொப்பி பின்னும் விரல்கள். அவர்களை யாரும் ஓவியக்காட்சிக்கு அழைப்பதில்லை. நாமாவது அவர்கள் செய்த பாயில் விருந்தாளியை அமர்த்தி, "இது எங்கள் உம்மா இழைத்தது" என்று பெருமையாகச் சொல்லலாமே. பெண்பிள்ளை ஒருத்தி சித்திரம் வரைய ஆசைப்பட்டால், வர்ணப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். பூவும் மரமும் எழுத்தணியும் அவள் விரலில் வளரட்டும்.

பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான திடல்

மாலையில் காலிமுகத்திடலுக்குப் போகாத கொழும்புப் பயணம் உண்டா? அந்த நடைபாதையை தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்தார். அங்கே பதிக்கப்பட்ட கல்லில் அவர் தமக்குப் பின்வரும் தேசாதிபதிகளுக்கு ஒரு வேண்டுகோளை விட்டுச் சென்றிருக்கிறார். கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பேணுங்கள் என்பதே அதன் கருத்து. பெண்களுக்காக என்று கல்லில் எழுதி வைத்த இடத்துக்கு, அந்த நகரில் வாழும் நம் சகோதரி மட்டும் "இரவுச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும்" என்று வராமல் இருந்துவிடுகிறாள்.

ஒரு பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் மஸ்ஜிதில் ஈட்டியும் கேடயமும் கொண்டு விளையாடினார்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் அதைப் பார்ப்பதற்காக நபியவர்கள் தாமே மறைப்பாக நின்றார்கள். ஆயிஷா (ரழி) அவர்களுக்குப் பார்த்துப் பார்த்துச் சலிக்கும்வரை நபியவர்கள் அசையாமல் நின்றார்கள். சகோதரர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். மனைவி பார்த்து முடிக்கும்வரை நிற்பதும் ஸுன்னத்துதான். ஐந்து நிமிடத்தில் மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள்.

ஒழுக்கமான உடையோடு, ஆண்கள் பெண்கள் எல்லை பேணி, மஃரிபைத் தவறவிடாமல் போய் வாருங்கள். நோன்பு நோற்ற நாளானால் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கையோடு கொண்டுபோய்க் கடற்காற்றில் திறக்கலாம். 2022 ஏப்ரலில் நாடே தவித்து நின்ற ரமழான் நாட்களில், நம்மவர்கள் அதே திடலில் பிற சமயச் சகோதரர்களோடு அமர்ந்து நோன்பு திறந்ததை நாடு பார்த்தது. அன்றிரவு சமையல் வேண்டாம். ஒரு நாளைக்குப் புதுக்கடைப் பக்கம் கொத்துரொட்டியும் பலூதாவும் வாங்கிக்கொள்ளுங்கள். செலவை எல்லாக் குடும்பமும் பகிர்ந்துகொள்ளலாம்.

தொழுகையும் தங்குமிடமும்

ஷாபிஈ மத்ஹபின்படி சுமார் 82 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு றக்அத் தொழுகைகளைச் சுருக்கித் தொழலாம். ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாட்கள் தங்க நிய்யத் வைத்தால் இந்தச் சலுகை நீங்கிவிடும். மூன்று நாள் பயணத்துக்கு அது உண்டு. கண்டி, கல்முனை, மன்னார் பக்கத்திலிருந்து வருபவர்கள் பயன்படுத்தலாம். களுத்துறை, நீர்கொழும்புக்காரர்கள் முழுமையாகவே தொழ வேண்டும். ஊர் இமாமைப் பின்பற்றினால் பயணியும் நான்கு றக்அத் தொழ வேண்டும். புறப்படும் முன் இதைப் படித்துக்கொண்டால், கடைத்தெருவில் தொழுகை கழாவாகும் நிலை வராது. பெண்கள் மஹ்ரமான ஆண் துணையோடு பயணிப்பதையும் பேணிக்கொள்ளுங்கள்.

கொழும்பு வீடுகள் சிறியவை. ஒரு படுக்கையறையும் ஒரு மண்டபமும் உள்ள வீட்டில் மூன்று குடும்பங்கள் தங்கினால் யாருக்கு நிம்மதி? நெருங்கிய கூட்டாளி என்றாலும் அவர் மனைவி நமக்கு அந்நியப் பெண்தான். அவள் மூன்று நாளும் தன் சொந்த வீட்டில் முந்தானையை இறக்க முடியாமல் இருப்பதும் ஒரு சிரமமே. இடம் போதாது என்றால் ஆண்கள் வேறொரு வீட்டில் படுத்துக்கொள்வதோ, ஓர் இரவோடு திரும்புவதோ நல்லது. "இடம் சிறிது, ஓர் இரவு தங்கலாம்" என்று வீட்டார் மனம்திறந்து சொன்னால் விருந்தாளி கோபிக்கக் கூடாது. உள்ளே நுழைய அனுமதி கேட்டு, திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுமாறு குர்ஆன் நமக்குப் பழக்கியிருக்கிறது.

விடைபெறும் வேளை

மூன்றாம் நாள் அஸருக்கு முன்பே புறப்படப் பாருங்கள். படுத்த பாயைச் சுருட்டி, குளியலறையைக் கழுவி, பிள்ளைகள் இறைத்த பொருட்களைப் பொறுக்கி வைத்துவிட்டுப் போங்கள். வீட்டாருக்காகக் கையேந்தித் துஆச் செய்யுங்கள். அந்த துஆவில் சமைத்தவளையும் நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரியே, நீங்களும் ஒரு தட்டில் வட்டிலாப்பத்தை மூடி அயல்வீட்டுக்கு அனுப்புங்கள். அது சிங்களச் சகோதரியின் வீடாக இருந்தாலும் தமிழ்ச் சகோதரியின் வீடாக இருந்தாலும் சரியே. குழம்பில் தண்ணீரைக் கூட்டியாவது அயலவருக்குக் கொடுக்குமாறு அபூதர் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னது நமக்கும் சேர்த்துத்தான்.

ஸல்மான் (ரழி) அவர்கள் தம் நண்பர் அபுத்தர்தா (ரழி) அவர்களின் வீட்டுக்கு விருந்தாளியாகச் சென்றபோது, முதலில் அவர் கண்ணில் பட்டது நண்பரின் மனைவி தன்னைக் கவனிக்காமல் வாடியிருந்த நிலைதான். உன் இறைவனுக்கு உன் மேல் உரிமை உண்டு, உன் உடம்புக்கும் உண்டு, உன் குடும்பத்துக்கும் உண்டு என்ற கருத்தில் நண்பருக்கு அவர் எடுத்துச் சொன்னார். ஸல்மான் உண்மையே சொன்னார் என்று நபியவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். நல்ல விருந்தாளி வீட்டுக்குள் வந்ததும் சாப்பாட்டு மேசையை மட்டும் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் யார் களைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்கிறார்.

அல்லாஹ் தஆலா நம் வீடுகளின் வாசல்களைத் திறந்தே வைப்பானாக! வருபவருக்கும் வரவேற்பவருக்கும் மகிழ்ச்சியைச் சமமாகப் பங்கிடுவானாக! ஆமீன்.